முறைத்துப் பார்த்ததற்கு ஏன் கத்தி? மானமும் நம் சமூக நடத்தையும்

செந்தூரன் (செந்தூல், கோலாலம்பூர்)

முறைத்துப் பார்த்தான் என்ற ஒரே காரணத்துக்காகத் தொடங்கிக் கத்திக்குத்தில் முடியும் சண்டைகளைப் பற்றி நம் செய்தித்தாள்களில் அடிக்கடி படிக்கிறோம். படித்ததும் குடியைக் குறை சொல்கிறோம், திரைப்படத்தைக் குறை சொல்கிறோம், பெற்றோரைக் குறை சொல்கிறோம். சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், ‘நம் இரத்தமே அப்படித்தான்’ என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் வெள்ளையர்களிடையே நடந்த ஓர் ஆராய்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். ரிச்சர்ட் நிஸ்பெட், டவ் கோஹென் ஆகிய உளவியலாளர்களும் அவர்களுடைய சகாக்களும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடத்திய சோதனைகளை 1996இல் வெளியிட்டார்கள். குறுகிய நடைபாதையில் போகும் மாணவனை ஒருவர் தோளால் இடித்து, வாய்க்குள் ஒரு வசைச்சொல்லையும் சொல்லிவிட்டுப் போவார். இடித்தவர் ஆய்வாளரின் ஆள் என்பது மாணவனுக்குத் தெரியாது. வட மாநிலங்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் அதைப் பொருட்படுத்தவில்லை. தென் மாநிலங்களில் வளர்ந்தவர்களுக்கோ மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் சுரப்பு 79 விழுக்காடு உயர்ந்தது. அதே வசையைக் கேட்ட வடக்கத்தியருக்கு அது 33 விழுக்காடுதான். இன்னொரு சோதனையில், வசைக்குப் பிறகு அதே நடைபாதையில் ஆறடிக்கு மேல் உயரமுள்ள பருத்த மனிதர் ஒருவர் எதிரே வந்தார். வசைக்கு ஆளாகாத தென்னகத்தார் ஏறக்குறைய 9 அடி தொலைவிலேயே ஒதுங்கி வழிவிட்டார்கள். வசைக்கு ஆளானவர்கள் 3 அடி வரை நெருங்கிய பிறகுதான் ஒதுங்கினார்கள்.

இதற்கு அவர்கள் தந்த விளக்கம்தான் முக்கியம். அமெரிக்கத் தெற்கின் உட்பகுதிகளில் குடியேறிய பலர் ஸ்காட்லாந்து, அயர்லாந்து எல்லைப் பகுதிகளிலிருந்து வந்த மேய்ச்சல் மக்கள். வயலை ஒருவன் ஓர் இரவில் தூக்கிக்கொண்டு போக முடியாது; மந்தையை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். காவலும் நீதிமன்றமும் தொலைவில் இருக்கும் இடத்தில், ‘இவனிடம் வம்பு வைத்தால் விடமாட்டான்’ என்ற பெயர்தான் சொத்துக்குக் காவல். அந்தப் பெயரைச் சின்ன வசையொன்று உரசிப் பார்க்கிறது என்பதால் சின்ன வசைக்கும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மந்தைகள் போய்த் தலைமுறைகள் கடந்த பிறகும், வீட்டுக்குள் பிள்ளைக்குக் கற்றுத்தரும் பாடமாக அது தங்கிவிடுகிறது.

எனவே என் கேள்வி இதுதான்: மேய்ச்சலே இல்லாத நம் கோலாலம்பூர் அடுக்குமாடிகளில் எதைக் காப்பதற்காக இந்தப் பெயர் தேவைப்படுகிறது?

---

பட்டர்வொர்த் ஆசிரியர் (பினாங்கு, பணி ஓய்வு)

தம்பி செந்தூரன், இந்த விளக்கத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் புறத்திணை மரபே அங்கிருந்துதான் தொடங்குகிறது. பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, கவர்ந்ததை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் போரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது கோட்டையையோ மணிமுடியையோ முதலில் வைக்காமல் மாட்டை வைத்தது ஏன் என்று இளம் வயதில் நான் வியந்ததுண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூரில் நடந்த ஆகோளில் (ஆநிரை கவரும் பூசலில்) இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுக்கப்பட்டது. ஆகோள் என்பது தொல்காப்பியத்தில் உள்ள அதே சொல். செங்கம் வட்டாரத்து நடுகற்களிலும் தொறு (மாட்டு மந்தை) மீட்டு விழுந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள். மாடு போனால் ஊரின் வாழ்வு போயிற்று. ஆகவே அதை மீட்கச் சென்று மாண்டவனுக்கு ஊர் கல் நட்டுப் பூச்சூட்டியது. உயிருக்குப் பதிலாகப் பெயர் என்ற அந்தப் பேரத்தை ஊரே முன்னின்று நடத்தியது என்பதைக் கவனியுங்கள்.

மானம் பகைவன்மேல் மட்டும் பாய்வதில்லை. வெண்ணிப் போரில் கரிகாலன் எறிந்த வேல் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்து முதுகு வழியாக வெளிப்பட்டது. முதுகில் புண்பட்டவன் என்ற பேச்சுக்கு நாணி அவன் வடக்கிருந்து (வடதிசை நோக்கி அமர்ந்து உண்ணாமல் இருந்து) உயிர் விட்டான். வென்ற கரிகாலனைப் பார்த்து, ‘உன்னைவிட அவன் நல்லவன் அல்லவா’ என்று கேட்கிற துணிவு வெண்ணிக் குயத்தியாருக்கு இருந்திருக்கிறது. புறநானூற்றின் 66ஆவது பாட்டு அது. வெற்றிக்கும் மானத்துக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு என்பதை ஒரு புலவர் அரசனிடமே சொல்கிறார்.

ஆனால் வகுப்பறையில் நான் கண்ட ஒன்றை இங்கே வருத்தத்தோடு சொல்ல வேண்டும். மயிர் நீப்பின் வாழாக் கவரிமா என்ற குறளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், மேடையில் முழங்குகிறார்கள். அதே வள்ளுவர் பொறையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார் என்பதை அதே வேகத்தோடு நாம் சொல்லித் தருவதில்லை.

மிகுதியான் மிக்கவை செய்தாரைத் தாந்தம்
தகுதியான் வென்று விடல்

செருக்கினால் தீங்கு செய்தவனைப் பொறுமையால் ‘வென்று விடு’ என்கிறார். தோற்றுப்போ என்று அவர் சொல்லவில்லை. மானமுள்ள இளைஞன் ஏற்கக்கூடிய பேச்சு இது.

---

ஐயம்

இருவரிடமும் மரியாதையுடன் ஒன்றைக் கேட்கிறேன். நிஸ்பெட் குழுவின் சோதனைகளில் பங்கேற்றவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்த ஆண் மாணவர்கள். நடைபாதையில் இடிபட்டவனின் சுரப்பிலிருந்து ஒரு நாட்டின் கொலைக் கணக்கு வரை போவது பெரிய தாவலாகத் தெரிகிறது. மேய்ச்சல் பகுதிகளில் கொலை அதிகம் என்றும் நிஸ்பெட் தரப்பு வாதிட்டது; ஆனால் அதே புள்ளிவிவரங்களை வேறு ஆய்வாளர்கள் 2000இல் திரும்ப ஆராய்ந்தபோது, வறுமையைச் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு நிற்கவில்லை என்று எழுதினார்கள். நம் இளைஞர்களின் சண்டைக்கும் வறுமையே போதுமான காரணமாக இருக்கலாம் அல்லவா? நடுகல்லை எல்லாம் இழுத்து வந்தால், இரத்தத்தில் ஊறியது என்று சொல்பவர்களுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுப்பதாகிவிடாதா?

---

தமிழ்மதி (கெப்போங்)

ஐயம் அவர்களின் எச்சரிக்கை தேவையானது. ஆயினும் இதுவரை பேசிய மூவரும் ஆண்களின் சண்டையை மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். மானம் என்ற பண்பாடு ஒரு வீட்டுக்குள் அன்றாடம் எப்படி இயங்குகிறது என்பதைச் சண்டையே போடாத பெண்ணிடம் கேட்டால்தான் தெரியும். குடும்பத்தின் பெயர் என்பது மகளின் உடையிலும், அவள் வீடு திரும்பும் நேரத்திலும், அவள் கைப்பேசியில் யாருடைய பெயர் ஒளிர்கிறது என்பதிலும் வைக்கப்பட்டிருக்கிறது. மகன் பள்ளியில் அடித்துவிட்டு வந்தால் வருத்தத்தோடு சேர்ந்து ஒரு சிறு பெருமையும் அப்பாவின் முகத்தில் தெரியும். மகள் ஒருவனோடு பேசினாள் என்று உறவினர் ஒருவர் போன் செய்தால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

2003இல் ஜோசப் வாண்டெல்லோவும் கோஹெனும் பிரேசிலையும் அமெரிக்காவையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மனைவி தவறிவிட்டாள் என்றால் கணவனின் ஆண்மையும் மதிப்பும் குறைந்துவிட்டதாகப் பிரேசிலில் பங்கேற்றவர்கள் கூடுதலாகக் கருதினார்கள். அவன் கை ஓங்கினால் போன மதிப்பில் ஒரு பகுதி திரும்புகிறது என்றும் கருதினார்கள். அடிபட்ட பிறகும் கணவனோடு இருந்துவிடும் பெண் நல்லவள் என்ற எண்ணமும் இத்தகைய பண்பாட்டில் வலுவாக இருந்தது. கணவனுக்குக் கை ஓங்குவது கடமையாகவும் மனைவிக்குத் தாங்கிக்கொள்வது கடமையாகவும் ஒரே பண்பாடு பிரித்துக் கொடுக்கிறது.

தமிழ்நாட்டில் சாதி மீறித் திருமணம் செய்த பிள்ளையைப் பெற்றவர்களே கொல்வதை நாம் இங்கிருந்து படித்துவிட்டு, ‘நல்லவேளை, மலேசியாவில் அப்படி இல்லை’ என்று ஆறுதல் அடைகிறோம். கொலை இல்லை என்பது உண்மைதான். ஆனால் மணவறையில் உட்கார மறுக்கும் பெற்றோர், மகளின் பெயரை வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தடை போடும் தாத்தா, கருமக்கிரியைக்குக்கூட அழைக்கப்படாத பேத்தி ஆகியோரை என் உறவுக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா, வடக்கிருந்த சேரனைப் பற்றி எழுதினீர்கள். அவமானத்துக்கு அஞ்சித் தன்னையே மாய்த்துக்கொள்ளும் இளம்பெண்ணுக்கு எந்தப் புலவரும் பாட்டு எழுதுவதில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆவது பிரிவை நம் நாடு 2023இல் நீக்கிவிட்டது. மனம் உடைந்த ஒருவர் தயங்காமல் மருத்துவமனைக்குப் போகலாம். ‘ஊருக்குத் தெரிந்தால் என்ன ஆகும்’ என்று வீட்டுக்குள் கதவைச் சாத்தும் பழக்கத்தைச் சட்டத்தால் நீக்க முடியவில்லை.

---

வழக்குரைஞர் (பிரிக்பீல்ட்ஸ்)

சட்டத்தின் பக்கத்தைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். மானத்துக்காகச் செய்த கொலைக்குச் சட்டமே சலுகை தந்த காலம் வெகு தொலைவில் இல்லை. மனைவியையோ மகளையோ சகோதரியையோ மானத்துக்காகக் கொன்றவனுக்குக் குறைந்த தண்டனை தந்த பிரிவை இத்தாலி 1981இல்தான் நீக்கியது. ‘மானத்தைக் காக்கவே கொன்றார்’ என்ற வாதத்தை நீதிமன்றங்களில் எழுப்பக் கூடாது என்று பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது.

நம் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தின் வழி வந்தது. பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு அது 1870களில் வந்து சேர்ந்தது. அதன் 300ஆவது பிரிவில், கடுமையான, திடீரென்ற சினமூட்டலால் தன்னிலை இழந்து ஒருவரைக் கொன்றால் அது முழுக் கொலைக்குற்றமாகாமல் தண்டனை குறைந்த குற்றமாகும் என்ற விலக்கு இருக்கிறது. எவ்வளவு சினமூட்டல் கடுமையானது என்பதை யார் அளப்பது? மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கில் 1961இல் இந்திய உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவரின் சமூகத்தைச் சேர்ந்த நியாயமான மனிதர் அந்நிலையில் என்ன செய்திருப்பார் என்பதை அளவுகோலாக வைத்தது. ஆனால் கோபம் தணியப் போதிய நேரம் கழிந்துவிட்டது என்று சொல்லி விலக்கை மறுத்தது. சமூகத்தின் மானக் கணக்கை நீதிமன்றம் முழுமையாகப் புறக்கணிப்பதில்லை, கடிகாரத்தைக் காட்டி அதற்கு வரம்பு கட்டுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

செந்தூரனின் கேள்விக்கு இது நேரடியாகத் தொடர்புள்ளது. ஒருவரை இழிவுபடுத்தினால் காவல் நிலையத்தில் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் அவர் தானே பதில் சொல்லக் கிளம்ப வேண்டிய தேவை குறைகிறது. 2025இல் நம் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 507பி முதலான பிரிவுகள், மிரட்டலும் இழிவும் நிறைந்த சொற்களால் ஒருவரைத் துன்புறுத்துவதைக் குற்றமாக்கியுள்ளன. புகார் செய்தால் ‘போலீசுக்கு ஓடினான்’ என்ற இழிபெயர் வரும் என்று அஞ்சும் இளைஞர்கள் அந்தப் பிரிவுகளைப் பயன்படுத்துவார்களா என்பது வேறு கேள்வி. என்னிடம் வரும் பெற்றோரில் பலர் அந்த அச்சத்தோடுதான் வருகிறார்கள்.

---

செந்தூரன்

ஐயம் அவர்களுக்கு முதலில் பதில். வறுமை மட்டும் காரணம் என்றால், கொள்ளையின்போது நடக்கும் கொலைகளும் வாய்த்தகராறில் நடக்கும் கொலைகளும் ஒன்றாகவே கூட வேண்டும். அமெரிக்கத் தெற்கின் சிற்றூர் வெள்ளையரிடையே கூடியிருந்தவை வாய்த்தகராறுக் கொலைகள்தான். 2014இல் பாலின் குரோஷான் என்ற பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வு உங்கள் அச்சத்துக்கே மருந்து. அதே ஸ்காட்டிய, ஐரியக் குடியேறிகள் வட மாநிலங்களிலும் குடியேறினார்கள். ஆனால் சட்டமும் நிறுவனங்களும் வலுவாக இருந்த வடக்கில் அந்தப் பண்பாடு மங்கிவிட்டது. வலுவில்லாத தெற்கில் தங்கிவிட்டது. ஒரே மக்கள், இரண்டு விளைவுகள். இரத்தம் என்ற வாதம் இங்கேயே முறிந்துவிடுகிறது.

இதை நம் வரலாற்றோடு வைத்துப் பார்க்கிறேன். தோட்டத்தில் லயன் வீடுகளில் வாழ்ந்தபோதும் சண்டைகள் இருந்தன, வெட்டுக்குத்தும் இருந்தது. ஆனால் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கூட்டத்துக்குள் அதைப் பிரித்துவிடக் கடமைப்பட்டவர்களும் இருந்தார்கள். தண்டல் (தோட்டத் தொழிலாளரின் மேற்பார்வையாளர்), கோயில் தலைவர், மூத்த மாமா என்று யாரோ ஒருவர் குறுக்கே வந்து, ‘அவன் கைநீட்டியது தப்பு, நீ பேசியதும் தப்பு’ என்று சொல்லிவிட்டால், இருவரும் பெயர் கெடாமல் பின்வாங்கலாம். அவர் சொன்னதால் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள வழி இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, மக்கள் முதலில் புறம்போக்குக் குடிசைகளுக்கும் பிறகு அடுக்குமாடிகளுக்கும் வந்தபோது கூட்டம் மட்டும் கூடவே வந்தது; குறுக்கே வருகிறவர் வரவில்லை. இப்போது கைப்பேசியில் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், கையைப் பிடித்து இழுப்பவர் இல்லை. உள்துறை அமைச்சு 2013இல் பெயர் வெளியிட்ட 49 கும்பல்களில் எண்களால் அறியப்படுபவை நம் பிள்ளைகளை ஈர்ப்பதும் இந்த வெற்றிடத்தில்தான் என்று நினைக்கிறேன். ‘உன்னைத் தொட்டால் நாங்கள் கேட்போம்’ என்ற உறுதியைக் கும்பல் தருகிறது. காப்பதற்கு மந்தை இல்லை என்றேன். காப்பதற்கு மாடிப்படியில் அடிபடாமல் ஏறி இறங்கும் உரிமை இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2008இல் வாண்டெல்லோவும் கோஹெனும் இன்னொருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், தென்னக ஆண்கள் மற்ற ஆண்களை உள்ளபடி இருப்பதைவிட முரடர்களாகக் கணித்தார்கள் என்று தெரிந்தது. தனியே கேட்டால் அடிதடி வேண்டாம் என்று நினைப்பவனும், சுற்றி நிற்பவர்கள் அடிதடியை எதிர்பார்க்கிறார்கள் என்று நம்பிக் கையை ஓங்குகிறான். எல்லாரும் ஒருவரையொருவர் தவறாகக் கணித்துக்கொண்டே ஒரு வழக்கத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை நமக்கான வாசல் இங்கேதான் திறக்கிறது.

---

பட்டர்வொர்த் ஆசிரியர்

தம்பி சொன்ன கடைசிச் செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ‘ஒறுத்தாரை ஒன்றாக வையாரே வைப்பர் பொறுத்தாரைப் பொன்போற் பொதிந்து’ என்ற குறளில் வள்ளுவர் பேசுவது பார்ப்பவர்களைப் பற்றித்தான். திருப்பி அடித்தவனை அவர்கள் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை, பொறுத்தவனைப் பொன்னாகப் பொதிந்து வைத்துக்கொள்கிறார்கள் என்கிறார். ஊர் என்ன நினைக்கும் என்று அஞ்சுபவனிடம், ஊர் உண்மையில் என்ன நினைக்கிறது என்று எடுத்துச் சொல்லும் குறள் அது.

சகோதரி தமிழ்மதியின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஆனால் மானத்தை முழுவதுமாக விட்டுவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கியபோது, கூலி என்ற சொல்லால் மட்டுமே அழைக்கப்பட்ட மக்களிடம் சுயமரியாதையைப் பற்றிப் பேசினார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் 1941 வேலைநிறுத்தம் வெடித்தது. அவர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள், மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குக் கல்வியும் கேட்டார்கள், கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். அவற்றோடு, துரையோ (வெள்ளை மேலாளர்) கிராணியோ (தோட்ட எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். வயிற்றுக்கு எந்தப் பயனும் இல்லாத கோரிக்கை அது. அதற்காகவும் சேர்ந்துதான் நின்றார்கள். தலைவர் ஆர்.எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள்.

மாடிப்படியில் முறைத்தவனைக் குத்தும் இளைஞனையும் மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்த அவனுடைய கொள்ளுத்தாத்தாவையும் இயக்குவது ஒரே உணர்ச்சி என்று நான் நம்புகிறேன். கொள்ளுத்தாத்தா தன்னை மிதித்தவனை எதிர்த்தார், தனியாக அல்லாமல் சங்கமாகச் சேர்ந்து எதிர்த்தார். பேரன் தன்னைப் போலவே மிதிபட்ட இன்னொருவனை எதிர்க்கிறான். இந்த வேறுபாட்டைப் பள்ளியில் கற்பிக்க முடியும். நம் தமிழ்ப்பள்ளிகளில் கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

---

தமிழ்மதி

ஐயா, அந்தக் கோரிக்கைப் பட்டியலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. தோட்டத்துப் பெண்களிடம் வெள்ளைத் துரைமார்களும் அவர்களைப் போல நடந்துகொண்ட மற்றவர்களும் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் 1941இல் கேட்கப்பட்டது. அங்கே பெண்ணின் மானத்தைக் கெடுத்தவன் யார் என்று சரியாகச் சுட்டினார்கள், குற்றத்தை அவள்மேல் போடவில்லை. பாடவேளை ஒதுக்கினால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

செந்தூரன் சொன்ன வாசலைப் பற்றி ஒரு யோசனை. நீங்கள் செந்தூலில் காற்பந்துக் குழுவுக்கு உதவுகிறீர்கள் என்று வேறோர் இழையில் எழுதியிருந்தீர்கள். பிள்ளைகளிடம் பெயர் எழுதாத தாளில் இரண்டு கேள்விகளைக் கொடுங்கள். ஒருவன் வம்புக்கு இழுக்கும்போது விலகிப் போகிறவனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பது முதல் கேள்வி. உன் நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் வந்த விடைகளை எண்ணி, பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

---

செந்தூரன்

அடுத்த சனிக்கிழமைப் பயிற்சிக்கு முன் செய்கிறேன். பெற்றோர்களும் அப்போது வருவார்கள். அவர்களுக்கும் தனித் தாள் கொடுத்து, மகனைப் பற்றி ஒன்றும் மகளைப் பற்றி ஒன்றுமாக இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. மகளைப் பற்றிய கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று நீங்களே எழுதித் தாருங்கள். அதை ஓர் ஆண் எழுதுவது சரியாக இருக்காது.